மொத்தமாக மளிகை வாங்கினால் மிச்சமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொத்தமாக வாங்கினால் நிஜமாகவே பணம் மிச்சமாகுமா?

ஆகும், ஆனால் எல்லாச் சாமானிலும் ஆகாது. உப்பு, சர்க்கரை, ரவை இதையெல்லாம் பத்துக் கிலோவாக வாங்கினாலும் கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய்தான் குறையும், அதை ஆட்டோ கூலி சாப்பிட்டுவிடும். புளி, மிளகாய் வற்றல், மல்லி, மஞ்சள், துவரம்பருப்பு மாதிரி வருஷத்துக்கு ஒரு தடவை அறுவடையாகி, அப்புறம் மாதம் போகப் போக விலை ஏறுகிற சாமான்களில்தான் உருப்படியான மிச்சம் இருக்கிறது. அதாவது நிறைய வாங்குவதற்காகக் கடைக்காரர் குறைப்பது கொஞ்சம்தான். சந்தையில் சரக்கு வந்து குவியும் மாதத்தில் வாங்குவதால் குறைவதுதான் அதிகம். பங்குனி, சித்திரையில் மொட்டை மாடியெல்லாம் புளியும் வத்தலும் காய்ந்ததற்கு வெயில் மட்டும் காரணமில்லை, அப்போதுதான் அவை மலிவு.

ஒரு கணக்குக்கு, சீசனில் புளி கிலோ 150 ரூபாய், ஐப்பசியில் 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் முக்கால் கிலோ செலவாகிற வீட்டுக்கு வருஷத்துக்கு ஒன்பது கிலோ. சீசனில் மொத்தமாக வாங்கினால் 1,350 ரூபாய். மாதாமாதம் வாங்கினால் சராசரி 180 என்று போட்டாலும் 1,620 ஆகிறது. மிச்சம் 270 ரூபாய். கோட்டை கட்டுகிற பணமில்லை, சரி. ஆனால் இதே மாதிரி வத்தல், மல்லி, பருப்பு, எண்ணெய் என்று ஐந்தாறு சாமானைச் சேர்த்தால் ஒரு மாத மளிகைக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

எவ்வளவு வாங்குவது என்று எப்படித் தெரியும்?

"நாலு பேர் குடும்பத்துக்கு இவ்வளவு" என்று வரும் பட்டியல்களை நம்ப வேண்டாம். தினமும் சாம்பார் வைக்கிற வீடும், வாரத்தில் மூன்று நாள் கறி, மீன் குழம்பு வைக்கிற வீடும் ஒரே அளவு பருப்பு செலவழிப்பதில்லை. புதுப் பாக்கெட் பிரிக்கும்போது அதன் மேலேயே பேனாவால் தேதி எழுதுங்கள், காலியாகும்போது இன்னொரு தேதி. இரண்டு மூன்று மாதம் இப்படி எழுதினால் உங்கள் வீட்டுக் கணக்கு கையில் வந்துவிடும். விருந்தாளிகள் வருகிற வீடு என்றால், பள்ளி லீவு மாதத்தையும் சேர்த்துப் பாருங்கள், மே மாதச் செலவு தனி ரகம்.

அந்தக் கணக்கில் வருவதைவிடக் கொஞ்சம் குறைத்தே வாங்கலாம். கடைசி ஒரு மாதத்துக்குக் கடையில் சில்லறையாக வாங்கிக்கொள்வதில் பெரிய நஷ்டமில்லை. மீந்து, வாடை அடித்து, கொட்டினால்தான் நஷ்டம்.

எந்த மாதத்தில் எதை வாங்க வேண்டும்?

தை பிறந்ததிலிருந்து சித்திரை முடியும் வரைதான் முக்கியமான காலம். புதுத் துவரை கர்நாடகத்தின் கலபுரகி, மராட்டியத்தின் லாத்தூர் பக்கமிருந்து ஜனவரி தொடங்கி வரும், அது மில்லில் உடைந்து பருப்பாக நம்மூர்க் கடைக்கு வர பிப்ரவரி, மார்ச் ஆகிவிடும். ஈரோட்டு மஞ்சளும் அதே காலம்தான். மல்லி மாசியில் வரத் தொடங்கும். வத்தலும் புளியும் மாசி கடைசியில் ஆரம்பித்து சித்திரை வரை வரும். வடக்கேயிருந்து வரும் பூண்டும் மார்ச், ஏப்ரலில் புதுசு இறங்கும்போது விலை குறையும். புதுசு வருவதற்குச் சற்று முன்னால் பூண்டு பக்கம் போகவே முடியாது, 2024 பிப்ரவரியில் கிலோ 400 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். கருப்பட்டிக்கு மட்டும் கொஞ்சம் பொறுக்க வேண்டும், பதநீர் இறங்கும் கோடைதான் அதன் காலம்.

சீசன் தொடங்கிய முதல் வாரத்திலேயே ஓடாதீர்கள். முதலில் வரும் சரக்கில் ஈரம் அதிகம், எடையில் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுப்பீர்கள். இரண்டு மூன்று வாரம் கழித்துப் போனால் சரக்கும் காய்ந்திருக்கும், விலையும் ஒரு நிலைக்கு வந்திருக்கும்.

வாங்கி வைத்த பிறகு விலை இறங்கிவிட்டால்?

இறங்கும், சில வருஷம் அப்படியும் நடக்கும். 2015 அக்டோபரில் துவரம்பருப்பு பல ஊர்களில் கிலோ 200 ரூபாயைத் தொட்டது. அதைப் பார்த்து விவசாயிகள் எல்லோரும் துவரை போட, 2017இல் விளைச்சல் குவிந்து, அரசு அறிவித்த ஆதரவு விலைகூடக் கிடைக்காமல் அவர்கள் தவித்தார்கள். அதனால் விலை உச்சத்தில் இருக்கும்போது "இன்னும் ஏறப்போகிறது" என்று பயந்துகொண்டு மூட்டையாக வாங்குவதுதான் இருப்பதிலேயே மோசமான வியாபாரம். டிவியில் விலை ஏற்றம் என்று செய்தி வந்தால் அந்த மாதம் வேண்டியதை மட்டும் வாங்குங்கள். செய்தியே வராத மாதம்தான் மொத்தமாக வாங்க நல்ல மாதம்.

புளி வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

கொட்டைப் புளியா, கொட்டை எடுத்த புளியா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கொட்டைப் புளி கிலோ விலை குறைவாகத் தெரியும், ஆனால் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கொட்டையே போய்விடும், நாரும் ஓடும் தனி. கொட்டைப் புளி விலையை ஒன்றரையால் பெருக்கிப் பாருங்கள், வருகிற தொகை கொட்டை எடுத்த புளியின் விலையைவிட நன்றாகவே குறைவாக இருந்தால் மட்டுமே லாபம். அதுவும் உங்கள் கைவலிக்குக் கூலி போடாமல். வீட்டில் மத்தியானம் உட்கார்ந்து ஆய்ந்து தருவதற்கு ஆள் இருந்தால் சரி, இல்லாவிட்டால் கொட்டை எடுத்ததே வாங்கிவிடுங்கள்.

கையில் ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பாருங்கள். நல்ல புளி ஒட்டும், ஆனால் கையை நனைக்காது. விரலில் ஈரம் தங்கினால் எடைக்காகத் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். கட்டியாக அமுக்கிக் கட்டிய புளியை நடுவில் பிட்டுக் காட்டச் சொல்லுங்கள், மேலே பளபளவென்று இருந்து உள்ளே ஓடும் கொட்டையும் மண்ணுமாக இருப்பது இந்த வியாபாரத்தில் ரொம்பப் பழைய வித்தை. புதுப் புளி சிவந்த பழுப்பாக இருக்கும், வைக்க வைக்கக் கறுக்கும். கறுத்துப் போனது கெட்டுப் போனதில்லை, பயப்பட வேண்டாம். பழைய புளிதான் உடம்புக்கு நல்லது என்று தேடி வாங்குகிறவர்களும் உண்டு.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காய வைத்து, ஆறவிட்டு, பீங்கான் ஜாடியிலோ மண்பானையிலோ ஒரு அடுக்கு புளி, ஒரு கை கல் உப்பு, மறுபடி புளி என்று அழுத்தி அடைத்து மூடுங்கள். உப்பும் புளியும் சேர்ந்து எந்தப் பூச்சியையும் அண்ட விடாது. இரும்பு, அலுமினியப் பாத்திரம் வேண்டவே வேண்டாம், புளிப்பு அரித்துவிடும். ஈரக் கையோடு மட்டும் எடுக்காதீர்கள். குழம்பில் உப்பு போடும்போது புளியில் ஏற்கெனவே உப்பு இருப்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மிளகாய் வற்றலும் மல்லியும்?

இராமநாதபுரம் பக்கத்துக் குண்டு வத்தல் (முண்டு என்றும் சொல்வார்கள், 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது) மணத்துக்கும் நிறத்துக்கும் நல்லது, தாளிக்க அழகு. நீட்டு வத்தல் காரத்துக்கு. குழம்புப் பொடிக்கு இரண்டையும் கலந்து அரைக்கிற வீடுகள்தான் எங்கள் பக்கம் அதிகம். குத்து மதிப்பாகப் பாதிக்குப் பாதி வைத்துத் தொடங்கி உங்கள் நாக்குக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம்.

காம்போடு இருக்கும் வத்தலை வாங்குங்கள், காம்பு கிள்ளியது சீக்கிரம் பூச்சி பிடிக்கும். ஒன்றை ஒடித்துப் பாருங்கள்: காய்ந்தது சட்டென்று முறிந்து விதை கலகலக்கும், ஈரம் இருந்தால் தோல் போல வளையும். உள்ளே சாம்பல் நிறத்தில் பூஞ்சை தெரிந்தால் அந்தச் சாக்கே வேண்டாம். பூஞ்சை விடுகிற நஞ்சு சமைத்தாலும் போகாது. வேர்க்கடலைக்கும் இதே எச்சரிக்கைதான்.

வருஷத்துக்குத் தேவையானதை வத்தலாகவே வாங்கி வையுங்கள், பொடியாக வேண்டாம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மில்லில் கொடுத்து அரைத்தால் போதும். மில்லிலிருந்து வரும் பொடி சுடச்சுட இருக்கும், அதை அப்படியே டப்பாவில் அடைத்தால் மூடியில் வேர்த்து, சொட்டி, பொடி கட்டியாகிவிடும். பழைய வேட்டியில் பரப்பி நன்றாக ஆறவிட்டுத்தான் அடைக்க வேண்டும். மல்லி எடை குறைவு, இடம் அதிகம் அடைக்கும், ஐந்து கிலோ என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தபின் பாத்திரம் தேடுகிறவர்கள் உண்டு.

அரிசி மூட்டை ஏன் 26 கிலோவாக வருகிறது?

ஜி.எஸ்.டி. உபயம். 2022 ஜூலை 18 முதல், லேபிள் ஒட்டி அடைத்து விற்கும் அரிசி, பருப்பு, மாவு 25 கிலோ வரை இருந்தால் 5 சதவீத வரி. 25 கிலோவைத் தாண்டினால் வரி கிடையாது. உடனே ஆலைக்காரர்கள் ஒரு கிலோவைச் சேர்த்து 26 ஆக்கிவிட்டார்கள், சிலர் 30 கிலோ. சட்டம் போட்டவர்களுக்கு இது முன்னாலேயே தோன்றாமல் போனதுதான் ஆச்சரியம். நமக்கு இதில் நேரடி லாபம் உண்டு: 1,300 ரூபாய் அரிசியில் 65 ரூபாய் வரியே மிச்சம். பத்துக் கிலோ பையாக வாங்கினால் அந்த வரியையும் நீங்கள்தான் கட்டுகிறீர்கள்.

ஆனால் இதனால் ஒரு குழப்பமும் வந்தது. ஒரு கடையில் மூட்டை 1,450, இன்னொரு கடையில் 1,500 என்றால் முதல் கடை மலிவு என்று முடிவு கட்டாதீர்கள், முதலாவது 25 கிலோவாக இருக்கலாம். எப்போதும் கிலோ விலையாக வகுத்துக் கேளுங்கள். மூட்டையைப் பிரிக்காமல் தராசில் வைத்துக் காட்டச் சொல்வதிலும் தப்பில்லை.

அரிசியைப் பார்த்து வாங்குவது எப்படி?

கடைக்காரர் குத்தூசியால் மூட்டையில் குத்தி உள்ளங்கையில் கொட்டிக் காட்டுவார். மூட்டையின் ஒரே இடத்தில் வேண்டாம், நடுவிலும் கீழேயும் குத்தி எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு மணியை வாயில் போட்டுக் கடியுங்கள், பழைய அரிசி டக்கென்று உடையும், புதுசு பல்லில் மாவாக ஒட்டும். கையில் வெள்ளையாகத் தூசி ஒட்டினால் முகர்ந்து பாருங்கள், புழுங்கல் வாடை தவிர வேறு மக்கல் வாடை வந்தால் விட்டுவிடுங்கள். குருணை எவ்வளவு என்று விரலால் தள்ளிப் பாருங்கள்.

புது அரிசி குழையும், பழசு உதிரி உதிரியாக வேகும், கூடுதலாகத் தண்ணீர் இழுத்து சாதமும் கொஞ்சம் அதிகம் காணும். அதனால்தான் பழசு விலை கூட. சம்பா அறுவடை முடிந்த தை, மாசியில் புது அரிசி வாங்கி ஆறு மாதம் வீட்டிலேயே பழசாக்குகிறவர்கள் இருக்கிறார்கள், இடமும் பொறுமையும் உள்ளவர்களுக்கு அது சரிதான். மற்றவர்கள் ஒன்றிரண்டு மாதத்துக்கு மேல் அரிசி சேர்க்க வேண்டியதில்லை, வருஷம் முழுக்கக் கிடைக்கிற சரக்குதானே. பச்சரிசியைவிடப் புழுங்கலரிசி பூச்சியைக் கொஞ்சம் கூடத் தாங்கும்.

எண்ணெய் டின்னில் வாங்கலாமா? 15 கிலோ டின், 15 லிட்டர் டின் இரண்டும் ஒன்றுதானே?

ஒன்று இல்லை. இங்கேதான் பலருக்குப் பணம் போகிறது. எண்ணெய் தண்ணீரைவிட லேசு, ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம்தான் இருக்கும். அதனால் 15 கிலோ டின் என்பது 16.5 லிட்டருக்குப் பக்கம், 15 லிட்டர் டின் என்பது 13.7 கிலோதான். இரண்டும் 2,400 ரூபாய் என்று சொன்னால் ஒன்றில் லிட்டர் 146 ரூபாய், மற்றதில் 160. டின்னின் மேல் நிகர எடை என்ன போட்டிருக்கிறது என்று படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். சில்லறை பாக்கெட்டிலும் இதே கதை, முன்பு ஒரு லிட்டராக இருந்த பாக்கெட் அதே தோற்றத்தில் 850 மில்லியாக நிற்கிறது.

நல்லெண்ணெய் நிறைய நாள் கெடாமல் இருக்கும், அதன் சுபாவம் அப்படி, டின்னாக வாங்கத் தோதானது அதுதான். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் அவ்வளவு தாங்காது, இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம். டின்னைத் திறந்ததும் சின்னப் பாத்திரங்களில் நிரப்பி, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள், அடுப்புப் பக்கத்தில் வைத்தால் சீக்கிரம் சிக்கு வாடை வரும். காலி டின்னுக்கும் விலை உண்டு, தூக்கிப் போடாதீர்கள்.

சூரியகாந்தி, பாமாயில் இரண்டும் பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு, அதன் விலைக்கும் நம்மூர் மழைக்கும் சம்பந்தமில்லை. 2024 செப்டம்பரில் இறக்குமதி வரியைக் கூட்டியதும் ஒரே வாரத்தில் விலை தாவியது. இதில் சீசன் பார்க்க முடியாது, விலை இறங்கியிருக்கும்போது இரண்டு மாதத்துக்கு வாங்கி வைக்கலாம், அவ்வளவுதான்.

பருப்பு: பாக்கெட்டா, உதிரியா?

மூட்டையைப் பிரித்து எடைபோட்டுத் தரும் உதிரிப் பருப்புக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, லேபிள் ஒட்டிய ஒரு கிலோ பாக்கெட்டுக்கு உண்டு. அந்த 5 சதவீதமும் பாக்கெட் செலவும் சேர்ந்துதான் விலை வித்தியாசம். உதிரி வாங்கினால் கல், தூசி பார்த்துப் புடைக்க வேண்டும். செம்மண் கட்டி உடைத்த துவரம்பருப்பு கிடைத்தால் வாங்குங்கள், ருசியும் நன்றாக இருக்கும், நாள்பட்டும் இருக்கும். மழமழவென்று எண்ணெய் பூசினது மாதிரி ஒரேயடியாக மின்னும் பருப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை.

வண்டு வராமல் எப்படி வைப்பது?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வண்டு பெரும்பாலும் உங்கள் வீட்டில் வந்து சேர்வதில்லை, சாமானோடு முட்டையாகவே வருகிறது. அரிசி வண்டு மணியைத் துளைத்து உள்ளே முட்டை வைத்து மூடிவிடும், கண்ணுக்குத் தெரியாது. நம்மூர்ச் சூட்டில் ஒரு மாதத்தில் அது வண்டாகி வெளியே வரும். "வாங்கும்போது நன்றாகத்தான் இருந்தது" என்று எல்லோரும் சொல்வது அதனால்தான். பயறு வண்டு முழுப் பயறின் மேல் முட்டை ஒட்டும், பச்சைப்பயறு, தட்டப்பயறு, கொண்டைக்கடலை மேல் வெள்ளையாகச் சின்னப் புள்ளி இருந்தால் அது முட்டைதான், அந்தச் சரக்கை வாங்காதீர்கள். உடைத்த பருப்பில் இந்த வண்டின் தொல்லை குறைவு.

பருப்பு, பயறு எல்லாம் வந்தவுடன் இரண்டு நாள் வெயிலில் போட்டு, முழுசாக ஆறியபின் அடையுங்கள், சூட்டோடு அடைத்தால் உள்ளே வேர்க்கும். அரிசியைச் சுள்ளென்ற வெயிலில் போடாதீர்கள், மணி விரிசல் விட்டுக் குருணையாகும், நிழலில் உலர்த்தினால் போதும். முழுப் பயறுக்கு ஒரு கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் விட்டுக் கையால் பிசறி வைப்பது நம் பாட்டிகள் செய்தது, வேளாண் ஆராய்ச்சியிலும் நிற்கிறது. சமைக்கும்முன் கழுவினால் போய்விடும். வேப்பிலை, வசம்பு, காய்ந்த மிளகாய் போடுவது பூச்சியை ஓரளவு விரட்டும், ஆனால் உள்ளே இருக்கிற முட்டையை அது ஒன்றும் செய்யாது, அதை மட்டும் நம்பி ஆறு மாதத்துக்கு வாங்கிவிடாதீர்கள். ஃப்ரீசரில் இடம் இருந்தால் ரவை, மாவு, பயறு எதையும் மூன்று நான்கு நாள் வைத்து எடுத்தால் முட்டையும் செத்துவிடும். எடுத்தபின் பையைப் பிரிக்காமல் வெளிச்சூட்டுக்கு வரவிட்டுத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் இறங்கும்.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் துளையிட்ட குழாய் மாதிரி ஒரு பூச்சிப் பொறி செய்திருக்கிறது. அதை அரிசிக்குள் செருகி வைத்தால் காற்றைத் தேடி வரும் வண்டு துளை வழியாக உள்ளே போய்க் கீழே விழுந்துவிடும். மூட்டைக் கணக்கில் வைக்கிற வீட்டுக்கு உபயோகமான பொருள்.

போரிக் பவுடர் கலப்பதை விட்டுவிடுங்கள். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை யாராவது "கிடங்கில் இதுதான் போடுவார்கள்" என்று கொடுத்தால் வீட்டுக்குள்ளேயே கொண்டு வராதீர்கள், அதிலிருந்து வரும் வாயு ஆளைக் கொல்லும்.

இன்னொன்று, டப்பாவில் பழசு கொஞ்சம் இருக்கும்போதே மேலே புதுசைக் கொட்டாதீர்கள். அடியில் தங்கிய அந்த இரண்டு பிடிதான் அடுத்த மூட்டையைக் கெடுப்பது.

எங்கே வாங்குவது?

மதுரை என்றால் கீழமாசி வீதி, சேலத்துக்கு லீ பஜார், கோவைக்கு ரங்கே கவுண்டர் வீதி, திருச்சிக்கு காந்தி மார்க்கெட், சென்னைக்கு கோயம்பேடு. பருப்பு, வத்தல், மல்லி, எண்ணெய்க்கு விருதுநகரை மிஞ்சிய ஊர் தெற்கே கிடையாது, அந்தப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் கல்யாணம், காதுகுத்துக்குப் போகும்போது ஒரு பையோடு போங்கள்.

மொத்தக் கடையில் காலையில் லாரி இறங்கும் நேரத்தில் போய் ஒரு கிலோ உளுந்து கேட்டால் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். மத்தியானம் பக்கம் போங்கள், ஐந்து கிலோ, பத்துக் கிலோவாகக் கேளுங்கள், மூன்று கடையில் விலை விசாரித்தபின் வாங்குங்கள். முதல் தடவை ஒரே ஒரு சாமான் வாங்கிச் சமைத்துப் பாருங்கள். சரக்கு பிடித்திருந்தால் அந்தக் கடையிலேயே நிலைத்துவிடுங்கள், அண்ணாச்சிக்கு முகம் பழகிவிட்டால் "இந்தத் தடவை மல்லி நல்லா இல்ல, பத்து நாள் கழிச்சு வாங்க" என்று அவரே சொல்வார். அந்த ஒரு வார்த்தைக்கு ஆப் எதுவும் ஈடு கிடையாது.

போக வர பஸ், ஆட்டோ, சுமை கூலி எல்லாம் சேர்த்து மிச்சத்தில் கழியுங்கள். கழித்தபின் நூறு ரூபாய்கூட நிற்காவிட்டால் தெருமுனைக் கடையே போதும், அவரும் பிழைக்கட்டும். அரசின் அமுதம் அங்காடிகளிலும், காமதேனு, சிந்தாமணி போன்ற கூட்டுறவுக் கடைகளிலும் விலையை ஒரு பார்வை பாருங்கள்.

சூப்பர் மார்க்கெட்டில் பெரிய பாக்கெட் எப்போதும் மலிவுதானே?

அப்படி நினைத்துத்தான் எல்லோரும் எடுக்கிறோம். எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு இவ்வளவு என்று அச்சிட்டிருக்கும், அதை மட்டும் ஒப்பிடுங்கள். அரைக் கிலோ இரண்டு வாங்குவது ஒரு கிலோ பாக்கெட்டைவிட மலிவாக இருப்பது அடிக்கடி நடக்கும், சின்னதற்கு ஆஃபர் போட்டிருப்பார்கள்.

ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றால் தேதியைப் பாருங்கள். குளியல் சோப்புக்கு அது பரவாயில்லை, உறையைப் பிரித்து பீரோவில் துணிக்கு நடுவே வைத்தால் துணியும் மணக்கும், சோப்பும் காய்ந்து கெட்டியாகிக் கூட நாள் உழைக்கும். பிஸ்கட், நூடுல்ஸ், சிப்ஸ் வேண்டாம். வீட்டில் இருக்கிறது என்று தெரிந்தால் தீனி இரட்டிப்பாகும், கிலோ விலையில் மிச்சம் பிடித்து மாதக் கணக்கில் விட்டுவிடுவோம்.

ரேஷன் வாங்குகிற வீட்டுக்கு இது தேவையா?

ரேஷனை முதலில் கணக்கில் எடுங்கள். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். எந்த மொத்தக் கடையும் இந்த விலைக்குத் தராது. அரிசி இலவசம், சாதத்துக்குப் பிடிக்காவிட்டாலும் இட்லி, தோசை மாவுக்குப் பல வீடுகளில் அதுதான். மாதாமாதம் அந்த ஒரு கிலோ பருப்பு வந்தால், வெளியே வாங்க வேண்டியது பாதியாகிவிடும், மொத்தமாக வாங்கும் அளவையும் பாதியாக்குங்கள்.

தீபாவளி மளிகைச் சீட்டில் சேரலாமா?

மாதம் இவ்வளவு கட்டினால் கடைசியில் மளிகை, பாத்திரம், பட்டாசு என்று தருவார்கள். கட்டிய பணத்தைக் கூட்டி, தரும் சாமானின் கடை விலையைக் கூட்டி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் அதிகம் என்றால் சந்தேகப்படுங்கள், குறைவு என்றால் எதற்கு அது. தீபாவளிக்கு முந்தைய வாரம் கடையைப் பூட்டிவிட்டு ஓடிய கதை பேப்பரில் வராத வருஷம் குறைவு. அதே பணத்தை வங்கியில் பங்குனியில் முடிகிற மாதிரி ஓராண்டு ஆர்.டி. போடுங்கள், சரியாகப் புளி, வத்தல் சீசனுக்குக் கையில் வரும்.

கையில் மொத்தமாகப் பணம் இல்லை, கிரெடிட் கார்டில் வாங்கலாமா?

அடுத்த பில்லில் முழுசாகக் கட்ட முடியும் என்றால் வாங்கலாம். தவணையாக இழுத்தால் பல கார்டுகளில் மாதம் மூன்று சதவீதத்துக்கு மேல் வட்டி, புளியில் மிச்சம் பிடித்தது ஐந்தாறு மாதத்தில் காலி. ஒரே வருஷத்தில் எல்லாச் சாமானையும் வாங்க வேண்டும் என்று யார் சொன்னது? இந்தப் பங்குனிக்குப் புளி மட்டும். அதில் மிச்சமானதோடு அடுத்த வருஷம் வத்தல்.

பக்கத்து வீட்டாரோடு பங்கு போட்டு வாங்கலாமா?

தாராளமாக. 30 கிலோ பருப்பு மூட்டையை மூன்று வீடு பிரித்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. பணத்தை முன்னாலேயே வாங்கிவிடுங்கள், வாங்கியபின் கேட்டால் சிநேகிதம் கெடும். எல்லோருக்கும் ஒரே தராசில், எல்லோரும் இருக்கும்போது எடைபோடுங்கள். கடைசியாக எடுப்பவருக்குக் கால் கிலோ குறையும், அது யாரையும் குற்றம் சொல்கிற விஷயமில்லை, ஆளாளுக்குத் தராசு கொஞ்சம் இறங்கினபடி போட்டதன் விளைவு. மூட்டை எடுக்கப் போனவருக்கு ஆட்டோ காசைப் பங்கில் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

வாடகை வீடு, சின்னச் சமையலறை. எங்கே வைப்பது?

மூடி இறுகப் பிடிக்கும் 20 லிட்டர் வாளியில் 16 கிலோ அரிசி வரை கொள்ளும், கட்டிலுக்கடியில் இரண்டு நிற்கும். தரையில் நேராக வைக்காமல் பலகை போடுங்கள், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஓதம் காக்கும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரிக் கடற்கரை ஊர்களில் காற்றிலேயே ஈரம் என்பதால் நான் சொன்ன மாதக் கணக்கு எல்லாவற்றிலும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். எலி வரும் வீடு என்றால் பிளாஸ்டிக் வேண்டாம், தகர டின்தான்.

எதை மொத்தமாக வாங்கவே கூடாது?

ரவை, மைதா, கடலை மாவு, கோதுமை மாவு, பொட்டுக்கடலை. அரைத்த மசாலாப் பொடிகள், காபித்தூள். ஓடு நீக்கிய நிலக்கடலையும் முந்திரியும் சிக்கு வாடை வரும். சின்ன வெங்காயம் மலிவாகக் கிடைத்தாலும், காற்றோட்டமாகப் பரப்பி வைக்க இடமிருந்தால் மட்டும்.

வீட்டில் இரண்டே பேர். எங்களுக்கு?

மூன்று கிலோ புளி, இரண்டு கிலோ வத்தல், ஐந்து லிட்டர் நல்லெண்ணெய், சீசனில் ஐந்து கிலோ துவரம்பருப்பு. மற்றதெல்லாம் மாதாமாதம் தெருக்கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். அரிசி வேண்டுமானால் 26 கிலோ மூட்டையை மாடி வீட்டாரோடு பாதி பாதி.